மாரி வருமுன் எடுக்க வேண்டிய முடிவு: நீல மணியா, வெள்ளை மணியா, சுண்ணாம்பா?

போன மார்கழியில் ஒரு கலியாண வீட்டுக்குப் படமெடுக்கப் போக வெளிக்கிட்டு, அலுமாரியைத் திறந்து லென்சை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி நூல் போல மூன்று இழை. துடைத்தேன், போகவில்லை. அது உள்பக்கம். பூஞ்சணம். அதே அலுமாரியின் மேல் தட்டில் அம்மாவின் கூறைச்சீலை, கீழே அப்பாவின் பழைய பட அல்பங்கள். எல்லாவற்றிலும் ஈரச் சாக்கு மணம். அல்பத்தில் இரண்டு பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. மெல்லப் பிரித்தேன், பெரியப்பாவின் முகம் மற்றப் பக்கத்தோடு போய்விட்டது.

யாழ்ப்பாணம் உலர் வலயம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். பொய்யில்லை. ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். ஆனால் சுற்றிவரக் கடலும் களப்பும். மழையில்லாத நாளிலும் விடியப்புறத்தில் கொடியில் கிடக்கும் துவாய் காய்வதில்லை. காற்றின் ஈரலிப்பு 65, 70 வீதத்தைத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் பூஞ்சணத்துக்கு அது போதும். மாரியில் இங்கே அது நாட்கணக்கில் இல்லை, கிழமைக்கணக்கில் நிற்கும்.

ஆகவே ஈரத்தை உறிஞ்ச ஏதாவது வாங்கி வைக்க வேண்டும். எதை? கடைக்குப் போனால் சிலிக்கா ஜெல் என்ற நீல மணி தருவார்கள். இணையத்தில் தேடினால் அதிலேயே செம்மஞ்சள் மணி, வெள்ளை மணி வரும். வெளிநாட்டிலிருந்து வந்த மச்சாள் பிளாஸ்டிக் டப்பாவில் ஏதோ உப்புக் கட்டி கொண்டுவந்தா. அம்மம்மா இருந்திருந்தால் சுட்ட சுண்ணாம்பு என்றிருப்பா. ஒரு வருசமாக இவை எல்லாவற்றையும் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். எது நன்றாக உறிஞ்சும் என்ற கேள்வியோடு தொடங்கினேன். அந்தக் கேள்வியே பிழை என்று எனக்கு விளங்கியது முருங்கை மரத்தடியில்.

நடந்தது இதுதான். முதலில் வாங்கியது நீல மணி. நீலமாக இருந்தால் காய்ந்தது, இளஞ்சிவப்பானால் ஈரம் நிரம்பியது. பார்க்கவும் வடிவு. மூன்று கிழமையில் முழுவதும் சிவந்துவிட்டது. சூடாக்கினால் பழையபடி நீலமாகும் என்று கேள்விப்பட்டு, தாச்சியில் கொட்டி அடுப்பைக் கூட்டி வைத்தேன். கச்சான் வறுபடுகிற மாதிரிப் படபடவென்று வெடித்தது. சில மணிகள் குசினிச் சுவர் வரை பறந்தன. நீலம் வந்தது, ஆனால் நான் அடுப்பைக் குறைக்குமுன் கருநீலமாகி, பிறகு கறுத்தே போனது. அதற்குப் பிறகு அது நிறம் மாறவே இல்லை. ஆத்திரத்தில் பாதியைக் கொண்டுபோய் முருங்கையடியில் கொட்டினேன். மறுநாள் அம்மா கூப்பிட்டா.

“தம்பி, உதென்ன முருங்கையடியில கறுப்பும் நீலமுமாக் கிடக்கு?”

“ஈரம் உறிஞ்சிற மணியம்மா. பழுதாப் போச்சு.”

“நஞ்சோ?”

“வடிவாத் தெரியாது.”

“தெரியாததக் கொண்டுவந்து கிணத்தடியில கொட்டுவியே? நாளைக்கு உந்த முருங்கையிலதானே நான் இலை ஆயப்போறன்!”

முருங்கைக்கும் கிணற்றுக்கும் பத்தடி தூரம். குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். பொறுக்கப் பொறுக்க விளங்கியது: இந்த மண்ணில் எதை வாங்குவது என்பதை, அது கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

மற்ற ஊர்க்காரருக்கு இது மிகைபோலத் தெரியலாம். எங்களுக்கு ஆறில்லை. வழுக்கியாறு என்று ஒன்று உண்டு, அதுவும் மாரிக்கு மட்டும் ஓடும். குடிக்கிற தண்ணீர் நிலத்துக்குக் கீழே சுண்ணக்கல்லில்தான் இருக்கிறது. அந்தக் கல் வெடிப்பும் பொந்துமாக இருப்பதால் மேலே ஊற்றியது வடிபடாமலே கீழே இறங்கிவிடும். நிலாவரைக் கிணறு வற்றாமல் கிடப்பதற்கும் அந்தப் பொந்துகள்தான் காரணம், சுன்னாகத்துப் பக்கம் கிணற்றுக்குக் கிணறு கழிவெண்ணெய் பரவியபோது சனம் கலங்கியதற்கும் அவைதான் காரணம்.

இனி ஒவ்வொன்றாக.

சிலிக்கா ஜெல் என்ற பெயரைப் பார்த்து அதைக் களி என்று நினைக்க வேண்டாம். கண்ணாடிபோன்ற கெட்டி மணி அது. உள்ளே எண்ணற்ற நுண்துளைகள். ஒரு கிராம் மணிக்குள் இருக்கும் பரப்பை விரித்தால் 700, 800 சதுர மீற்றர் வரும், மூன்று பரப்புக் காணி ஏறத்தாழ. ஈரம் அந்தத் துளைச் சுவர்களில் போய் ஒட்டிக்கொள்கிறது, இரசாயன மாற்றம் எதுவும் இல்லை. அதனால்தான் சூடாக்கினால் ஒட்டியது கழன்றுவிடுகிறது, மணியைத் திரும்பத் திரும்பப் பாவிக்கலாம். அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக இரசாயனப் பேராசிரியர் வால்டர் பற்றிக் இதைச் செய்யும் முறைக்கு 1918இல் காப்புரிமை கோரினார். முதலாம் உலகப் போரில் நச்சுவாயு முகமூடிகளுக்குள் இருந்தது, இரண்டாம் போரில் பெனிசிலினை ஈரம்படாமல் காத்தது. காய்ந்த மணி ஒன்றைத் தண்ணீர் நிறைந்த கிளாசுக்குள் போட்டுப் பாருங்கள். ‘டிக்’ என்று சத்தம் வரும், மணி இரண்டாகப் பிளக்கும். என் மகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மணி வெள்ளைதான். நீலம் என்பது அதில் ஏற்றிய சாயம், பெயர் கோபால்ட் குளோரைட்டு. சாதாரண தரத்துக்கு விஞ்ஞானம் படித்தவர்களுக்கு அந்த நீலத் தாள் நினைவிருக்கும், இலையில் ஒட்டிவைத்தால் சிவக்கும். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் அது இருப்பதில் தவறில்லை. ஆனால் மூச்சோடு உள்ளே போனால் புற்றுநோய் வரக்கூடிய பொருள் என்று ஐரோப்பிய ஒன்றியம் அதை வகைப்படுத்தி, 2008இல் மிகுந்த கவனத்துக்குரிய இரசாயனங்களின் பட்டியலில் சேர்த்தது. அங்கே பல உற்பத்தியாளர் செம்மஞ்சளுக்கு மாறியதற்கு அதுதான் காரணம். நீல மணியைக் கையால் தொட்டதும் ஆபத்து என்று சொல்ல வரவில்லை. வறுப்பதும், இடித்துத் தூளாக்குவதும், தூசியை முகர்வதும், மண்ணில் கொட்டுவதும்தான் ஆகாது. நான் முதல் மூன்றில் ஒன்றையும் நான்காவதையும் ஒரே நாளில் செய்திருக்கிறேன்.

செம்மஞ்சள் மணி ஈரம் குடித்ததும் கரும்பச்சையாகவோ நிறமற்றோ மாறும். உள்ளே கோபால்ட் இல்லை. பெரும்பாலும் மீதைல் வயலற் என்ற சாயம், சிலவற்றில் இரும்பு உப்பு. நீலத்தைவிட நல்லது, சந்தேகமில்லை. ஆனால் ‘கோபால்ட் இல்லை’ என்று பொதியில் போட்டிருப்பதைச் ‘சாப்பாட்டோடு வைக்கலாம்’ என்று வாசித்துவிடக் கூடாது. மீதைல் வயலற்றும் தின்னுகிற பொருள் அல்ல. கூடச் சூடாக்கினால் இந்தச் சாயமும் எரிந்துபோகும்.

வெள்ளை மணியில் சாயமே இல்லை. தூய சிலிக்கா. அதன் ஒரே குறை, நிரம்பிவிட்டதா என்று பார்வையில் தெரியாது. இந்தக் குறைக்காகத்தான் சனம் நீலத்தை வாங்குகிறது. எனக்கு வந்த யோசனை மிகச் சாதாரணமானது: குசினித் தராசு. காய்ந்த மணியை 100 கிராம் நிறுத்து, துணிப் பையில் கட்டி, பையோடு நிறையைக் கடதாசியில் எழுதி ஒட்டிவிடுங்கள். மாதம் ஒருமுறை எடுத்து நிறுங்கள். 20 கிராம் கூடியிருந்தால் அடுப்புக்குப் போகும் நேரம். பழைய நிறைக்கு இறங்கினால் காய்ந்தாயிற்று. சாயம் செய்கிற வேலையைத் தராசு அதைவிடத் திருத்தமாகச் செய்கிறது, அதில் நஞ்சும் இல்லை. சின்ன ஈரப்பதன் மானி ஒன்றைப் பெட்டிக்குள் போட்டால் இன்னும் வசதி.

சுட்ட சுண்ணாம்பை, அதாவது நீறாத கல்லை, நான் இலேசாகத் தள்ளிவிடவில்லை. எங்கள் ஊர்ச் சரக்கு. தன் எடையில் மூன்றிலொரு பங்குவரை தண்ணீரைப் பிடிக்கும். பிடித்ததை விடாது. மிஞ்சுவது நீறிய சுண்ணாம்பு, மதிலுக்கு வெள்ளையடிக்கலாம், கழிவே இல்லை. பிறகேன் வேண்டாம் என்கிறேன்? ஈரத்தோடு சேரும்போது கொதிக்கும், ஊதிப் பருக்கும். இறுக்கி மூடிய போத்தலில் வைத்த ஒரு கட்டி மூடியைப் பிளந்ததைக் கண்டேன். அதன் தூள் கண்ணில் பட்டால் பார்வைக்கே மோசம். பட்டில் பட்டால் இழை அரித்துவிடும். கூறைச்சீலைப் பெட்டிக்குள் அதை வைக்க எனக்கு மனம் வரவில்லை. நெல்லு, விதைச் சாமான் வைக்கும் பெரிய தகரப் பேணியின் அடியில், சிரட்டைக்குள் துணி கட்டி வைப்பவர்கள் வைக்கட்டும். பிள்ளைகள் இல்லாத வீடென்றால்.

மச்சாள் கொண்டுவந்த டப்பாவில் இருந்தது கல்சியம் குளோரைட்டு. மேல் தட்டில் உப்புக்கட்டி, கீழ்த் தட்டில் தண்ணீர் சேரும். உறிஞ்சுவதில் இதற்கு நிகரில்லை, தன் எடைக்கு மேலேயே குடிக்கும். திறந்த அலுமாரிக்குள்ளும் ஓரளவு வேலை செய்யும். பார்க்கத் திருப்தியாகவும் இருக்கும், ஒரு மாதத்தில் அரைக் கிளாஸ் தண்ணீர்! ஆனால் அது தண்ணீர் இல்லை, கடும் உப்புக் கரைசல். தட்டுப்பட்டுக் கவிழ்ந்தால் தோல் சப்பாத்து, கமெரா, தையல் மெசினின் இரும்பு எல்லாவற்றையும் தின்றுவிடும். எங்களுடையது கவிழ்ந்தது. அப்பாவின் தோற்பை சுருங்கிப் பப்படமாகிவிட்டது. பிறகு அந்தக் கரைசலை எங்கே ஊற்றுவது? ஏற்கெனவே உவர் ஏறிக்கொண்டிருக்கும் கிணற்றுக்குப் பக்கத்தில் உப்பு ஊற்றவா? நிறையத் தண்ணீர் கலந்து குளியலறைக் கானுக்குள் விடுவதுதான் உள்ள வழிகளில் குறைந்த கேடு. திரும்பப் பாவிக்கவும் முடியாது. ஒவ்வொரு மாரிக்கும் புதிதாக வாங்க வேண்டும்.

அரிசி, கரி இரண்டையும் பற்றிக் கேட்பார்கள், கேட்டும் விட்டார்கள். வறுத்த அரிசி உப்புப் போத்தலுக்குச் சரி. லென்சுக்குச் சரியில்லை, அரிசித் தூசி வேறு. சிரட்டைக் கரி மணத்தை எடுக்கும், ஈரத்தை எடுப்பதில் மந்தம். அலுமாரிக்குள் மின்குமிழ் எரியவிடுவது சில ஸ்ரூடியோக்களில் பழைய வழக்கம். சூடு ஏறினால் ஈரலிப்பு வீதம் குறையும் என்பது மெய்தான், சீலைக்குப் பக்கத்தில் சூடான குமிழ் என்பதும் மெய். மின்சாரத்தில் ஓடும் உலர் பெட்டி தொழில்முறைப் படப்பிடிப்பாளருக்கு நல்ல முதலீடு. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் கரண்ட் நின்றதை மறக்காதவன் ஆகையால், அதை வாங்கினாலும் உள்ளே ஒரு வெள்ளை மணிப் பை போட்டே வைப்பேன்.

எதை வாங்கினாலும் பலர் விடும் பிழை ஒன்று உண்டு. அலுமாரிக்குள் நாலு சின்னப் பக்கெட்டை எறிந்துவிட்டு நிம்மதியாக இருப்பது. அலுமாரி காற்றுப்புகும் பெட்டி. மணி அறை முழுவதின் ஈரத்தையும் குடிக்கப் பார்க்கும், இரண்டு நாளில் நிரம்பிப் படுத்துவிடும். ரப்பர் வளையம் போட்ட, இறுக்கி மூடும் பிளாஸ்டிக் பெட்டி கட்டாயம். பெட்டிக்குள் இருக்கும் காற்றில் பெரிதாக ஈரமில்லை: 30 லீற்றர்ப் பெட்டியின் காற்றில், மாரிக் காலத்திலும், ஒரு கிராம் தண்ணீர்கூட வராது. ஈரம் பொருளுக்குள் இருக்கிறது. ஐந்து கிலோ அல்பத்தின் கடதாசி, மாரியில் வைத்து மூடினால், கிட்டத்தட்ட 200 கிராம் தண்ணீரைக் கக்க வேண்டியிருக்கும். அதற்கு ஒரு கிலோ மணி வேண்டும். அதே அல்பத்தைப் பங்குனி, சித்திரையில், நல்ல வெயில் நாளின் மத்தியானத்தில், நிழலில் விரித்துக் காயவைத்து அப்படியே பெட்டியில் வைத்து மூடினால் 200 கிராம் மணி மாரி முழுவதற்கும் தாங்கும். ஆகவே மாரி தொடங்கியபின் ஓடித் திரிந்து மணி வாங்குவதைவிட, மாரிக்கு முன் மூடுவது மலிவு. இந்தக் கட்டுரையை இப்போது எழுதுவதும் அதற்காகத்தான்.

கூடக் காயவைத்தாலும் கேடு. லென்சுக்கு 40இலிருந்து 50 வீதம் போதும். ஏட்டுச்சுவடி உள்ளவர்கள் மணியைக் குறைத்துப் போட்டு மானியைப் பார்த்துக்கொள்ளுங்கள். 50க்கு வெகுவாகக் கீழே போனால் ஓலை முறியும், பழைய படத்தின் மேற்பூச்சு வெடிக்கும். 1981இல் நூலகத்தோடு எரிந்தவை போக வீடுகளில் மிஞ்சிக் கிடக்கும் ஏடுகளை நாங்களே சருகாக்கிவிடக் கூடாது.

மணியைத் திரும்பக் காயவைப்பது எப்படி? சூடடுப்பு இருந்தால் 120 பாகை செல்சியசில், தட்டில் ஒரு விரல் கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி, இரண்டு மூன்று மணிநேரம். இல்லாதவர்களுக்குக் கச்சான் வறுக்கும் மணல் உதவும். தாச்சியில் மூன்று விரல் உயரத்துக்கு மணல், அதன்மேல் எவர்சில்வர்த் தட்டு, தட்டில் மணி, அடியில் சிறு தீ. மணல் சூட்டைச் சமமாகப் பரப்புவதால் என் முதல் நாள் கூத்து நடக்காது. ஜன்னலைத் திறந்துவிட்டு, தூசி பறக்காமல் மெல்லக் கிளறி, இடைக்கிடை நிறுத்துப் பாருங்கள். வெள்ளை மணிக்குக் கொஞ்சம் சூடு கூடினாலும் மோசமில்லை. நீலத்தையோ செம்மஞ்சளையோ சாப்பாடு சமைக்கும் அடுப்பிலும் பாத்திரத்திலும் ஏற்றவே வேண்டாம். வெள்ளையை நான் தேர்ந்ததற்கு இது இரண்டாவது காரணம். சித்திரை வெயிலில் தகரத்தில் பரப்பினால் ஓரளவு ஈரம் இறங்கும், முழுக்க இறங்காது. வெயிலில் காய்ந்ததை அன்றே பெட்டிக்குள் போடுங்கள், பொழுதுபட்டால் இறங்கியதெல்லாம் திரும்ப ஏறிவிடும். சூடு ஆறுமுன், கை பொறுக்கும் பதத்தில், கண்ணாடிப் போத்தலுக்குள் போட்டு இறுக்குங்கள். போத்தலில் பெயர் எழுதுங்கள். சீனிப் போத்தல் போலவே இருக்கும்.

மகளின் ‘டிக்’ விளையாட்டு அங்கேதான் முடிந்தது. ஒரு நாள் அவள் வாயில் இரண்டு மணி. துப்பச் சொன்னேன், துப்பினாள், நாக்கு காய்ந்ததென்று தண்ணீர் கேட்டாள். அவ்வளவுதான். வெள்ளை மணி நஞ்சல்ல, வயிற்றுக்குள் கரையாமல் வெளியே போய்விடும். ஆபத்து தொண்டையில் சிக்குவதில்தான், குழந்தைக்குப் பக்கெட்டே சிக்கும். கண்ணில் தூள் பட்டால் தண்ணீரால் நன்றாகக் கழுவ வேண்டும். நீல மணி விழுங்கியிருந்தால் பார்த்துக்கொண்டிருக்காமல், பக்கெட்டையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அன்று வீட்டில் வெள்ளை மட்டும் வெளியே இருந்தது எங்கள் நல்ல காலம்.

சப்பாத்துப் பெட்டி, மருந்துப் போத்தல், பிஸ்கட் பொதி என்று வரும் சின்னப் பக்கெட்டுகளைச் சேர்த்துவைத்துப் பாவிக்கலாமா என்றால், பாவிக்கலாம், ஆனால் எல்லாம் சிலிக்கா அல்ல. காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோங்கள். பக்கெட் ஒட்டினால் அது இரும்புத்தூள், ஒட்சிசனை உறிஞ்சுவது, ஈரத்துக்கு உதவாது. அதை மைக்ரோவேவில் வைத்தால் தீப்பிடிக்கும், நாய் தின்றால் இரும்பு நஞ்சேறும். கண்ணாடி மணியாக உருண்டால் சிலிக்கா. சாம்பல் நிறத்தில் ஒழுங்கற்ற துணுக்கென்றால் களிமண், அதுவும் உறிஞ்சும். கைபட்டதும் களியாக நசிந்தால் கல்சியம் குளோரைட்டு, வேண்டாம்.

எறிவதைப் பற்றி. வெள்ளை மணி உடைந்து தூளாகும் வரை எறிய வேண்டியதே இல்லை. எறிந்தாலும் மணலின் உறவுதான், பையில் கட்டிக் குப்பையோடு விடலாம், தூசி பறக்காமல். பெற்றோல், பெயின்ற், மருந்து பக்கத்தில் இருந்து அவற்றின் ஆவியைக் குடித்த மணி வெள்ளையென்றாலும், எதைக் குடித்ததோ அதன் கழிவாகவே நடத்துங்கள். நீலத்தை வளவில் கொட்டக்கூடாது, மண்ணுக்குள் தாழ்க்கவும் கூடாது, எரிக்கவும் கூடாது, கழுவி ஊற்றவும் கூடாது. இங்கே குப்பை கொளுத்துவது வழக்கமாகையால் எரிப்பதைத் திருப்பிச் சொல்கிறேன். மருந்துப் போத்தலோடு வந்த ஒரு பக்கெட் என்றால் பொலித்தீனில் முடிந்து மாநகர சபையோ பிரதேச சபையோ எடுக்கும் குப்பையில் போடலாம். கிலோக்கணக்கில் உள்ளவர்கள், ஆய்வுகூடம், ஸ்ரூடியோ வைத்திருப்பவர்கள், போத்தலில் அடைத்துப் பெயரெழுதி, சபையில் கேட்டு, மின்கழிவு சேர்க்கும் நாளில் தனியாகச் சொல்லிக் கொடுக்கப் பாருங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்ட நல்ல நீல மணியென்றால் எறியவே வேண்டாம். நாலைந்து மணியைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, வாயில் துணி கட்டி, பெட்டியின் மூலையில் வைத்தால் அடையாளம் காட்டிக்கொண்டு வருசக்கணக்கில் இருக்கும்.

இப்போது எங்கள் வீட்டில் மூன்று பெட்டி. லென்சுக்கு 100 கிராம், அல்பத்துக்கு 400, கூறைச்சீலைக்கு 200, எல்லாம் வெள்ளை. முருங்கையடியில் பொறுக்கியதும், தாச்சியில் கறுத்ததும் ஒரு ஜாம் போத்தலில் லாச்சியின் அடியில் கிடக்கின்றன. மூடியில் அம்மா பேனையால் எழுதி ஒட்டியிருக்கிறா: “கிணத்தடிக்குக் கொண்டுபோகக் கூடாது.”